ஜன்னல் இல்லாத நீர்மூழ்கி: ‘அயர்ன் லங்’ ஆடியவர்கள் என்ன சொல்கிறார்கள்?

அனைவருக்கும் வணக்கம். வீடியோ கேமைப் பற்றியெல்லாம் மேடை போட்டுப் பேச வேண்டுமா என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்துக்கொண்ட ஆட்டமே ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பேச்சு அதைவிட நீண்டால் நியாயமில்லை.

ஆட்டத்தின் பெயர் ‘அயர்ன் லங்’. கணினி ஆட்டங்களை விற்கும் ‘ஸ்டீம்’ என்ற இணையக் கடையில் 2022 மார்ச்சில் வெளிவந்தது. உருவாக்கியவர் டேவிட் சிமான்ஸ்கி. 2018இல் வந்த ‘டஸ்க்’ என்ற துப்பாக்கி ஆட்டத்தால் அவரைப் பலருக்குத் தெரியும். அதற்கு முன்பிருந்தே சின்னச் சின்னத் திகில் ஆட்டங்களைத் தனியாளாகச் செய்துவந்தவர். ‘அயர்ன் லங்’ வெளியானபோது விலை சுமார் 6 டாலர்.

கதை இவ்வளவுதான். பிரபஞ்சத்தில் உள்ள நட்சத்திரங்களும் மனிதர் வாழக்கூடிய கோள்களும் ஒருநாள் திடீரென்று காணாமல் போகின்றன. விண்வெளி நிலையங்களிலும் கலங்களிலும் இருந்தவர்கள் மட்டும் மிச்சம். எஞ்சியிருக்கும் ஒரு நிலவில் ரத்தத்தால் ஆன கடல் ஒன்று கிடக்கிறது. நீங்கள் ஒரு கைதி. உங்களை ஒரு துருப்பிடித்த நீர்மூழ்கிக்குள் அடைத்து, கதவைப் பற்றவைத்து மூடி, அந்தக் கடலுக்குள் இறக்கிவிடுகிறார்கள். வரைபடத்தில் குறித்த இடங்களைப் படமெடுத்து வந்தால் விடுதலையாம். ஆழத்தின் அழுத்தம் தாங்காது என்று முன்பக்க ஜன்னலையும் இரும்புத் தகட்டால் அடைத்துவிட்டார்கள். வெளியே என்ன இருக்கிறது என்று பார்க்க உங்களிடம் இருப்பது ஒரே ஒரு கேமரா. அதுவும் வீடியோ எடுக்காது. பின்பக்கம் போய்ப் பொத்தானை அழுத்தினால், புள்ளி புள்ளியாக, கறுப்பு வெள்ளையில் ஒரு புகைப்படம் மெல்லத் தெரியும். அவ்வளவே.

ஓட்டுவது எப்படி? முன், பின், இடது, வலது என்று நான்கு பொத்தான்கள். நீங்கள் இருக்கும் இடத்தின் எக்ஸ், ஒய் எண்களும் திரும்பியிருக்கும் கோணமும் திரையில் ஓடும். வரைபடத்தில் ‘நீங்கள் இங்கே’ என்ற புள்ளி கிடையாது. எண்ணைப் பார்த்து, வரைபடத்தைப் பார்த்து, மனக்கணக்குப் போட்டுத்தான் நகர வேண்டும். பாறையை நெருங்கினால் சென்ஸார் ‘பீப், பீப்’ என்று வேகமாக அடிக்கும். எந்தப் பக்கம் பாறை என்பதை விளக்கு சொல்லும். அது உண்மையிலேயே பாறைதானா என்பதைச் சொல்லாது.

சரி, இதை ஆடியவர்கள் என்ன சொல்கிறார்கள்? பெரும்பாலோருக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எனக்கு அதிகம் யோசனை தந்தவை பிடிக்காதவர்களின் குறைகள்தான். அவற்றில் அடிக்கடி வருவது, “இதில் ஒன்றுமே நடக்கவில்லை” என்பது. ஒரு பெட்டிக்குள் முன்னும் பின்னும் நடக்கிறோம், எண் பார்க்கிறோம், படம் எடுக்கிறோம், மறுபடி நடக்கிறோம், இதிலே ஹாரர் எங்கே என்கிறார்கள். புகழ்பவர்களை எடுத்துப் பாருங்கள். “ஒன்றுமே நடக்காமல் என்னை இப்படி நடுங்க வைத்துவிட்டதே” என்கிறார்கள். இரு தரப்பும் சொல்கிற விவரத்தில் ஒரு வேறுபாடும் இல்லை. ஒருவருக்குக் குறையாகப் பட்டதே இன்னொருவருக்கு ஆட்டமாக இருந்திருக்கிறது.

இது ரசனை வேறுபாடு மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். ‘அயர்ன் லங்’கைச் சிலர் சர்வைவல் ஹாரர், அதாவது உயிர்பிழைக்கப் போராடும் திகில் ஆட்டம், என்கிறார்கள். அந்தப் பெயரைப் பரவலாக்கியது 1996இல் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவில்’. அதில் தோட்டா குறைவு, மருந்து குறைவு, ஆட்டத்தைச் சேமித்து வைப்பதற்கான மை நாடாகூட எண்ணித்தான் கிடைக்கும். அதாவது அந்த வகையின் அடிப்படையே பற்றாக்குறை. “துப்பாக்கி இல்லை, பொருள் சேர்ப்பது இல்லை, இதைப் போய் சர்வைவல் என்கிறீர்களே” என்று ‘அயர்ன் லங்’ மீது கேள்வி வருகிறது. இங்கே பற்றாக்குறை வேறு இடத்தில் இருக்கிறது. இங்கே ரேஷனில் கிடைப்பது பார்வை. ஒரு படம் எடுத்தால் ஒரு பார்வை. அந்தப் படம் எடுத்த மறுநொடி வெளியே என்ன மாறியிருக்கும் என்று தெரியாது. தெரிய வேண்டுமானால் இன்னொரு படம் எடுக்க வேண்டும். அதை எடுக்க மனம் வராது. ஆக்ஸிஜனும் குறைந்துகொண்டே வரும், ஆனால் அதுகூட எனக்கு இரண்டாம் பட்சம்தான்.

ஒலியைக் குறை சொன்னவர்கள் அபூர்வம். இரும்பு முனகும், எங்கோ ஏதோ உரசிப் போகும். படத்தில் எதுவும் இல்லாதபோது காது வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது. காட்சித் தரம் பழைய பிளேஸ்டேஷன் காலத்து மாதிரி இருக்கிறது என்ற முணுமுணுப்பு உண்டு. அந்த மங்கலான படத்தில் தெரிவது பாறையா, பெரிய எலும்பா என்று தடுமாற வேண்டியிருக்கிறதே, துல்லியமான படம் கொடுத்தால் அந்தத் தடுமாற்றம் போய்விடும்.

இனி நீளத்துக்கு வருவோம். “ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு காசா?” என்பது சின்ன ஆட்டங்கள் எல்லாமே கேட்டுச் சலித்த கேள்வி. சோற்றுக்குச் சமமாக ஊறுகாய் வைக்கவில்லையே என்று பந்தியில் யாரும் சண்டை போடுவதில்லை. ஆட்டங்களில் மட்டும் மணிக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறோம். இந்தக் கணக்கு வெறும் பேச்சாக நின்றால் பரவாயில்லை. ஸ்டீமில் ஒரு விதி இருக்கிறது. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். வாங்குபவருக்கு நல்ல விதிதான், நானும் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் ஒரு மணி நேர ஆட்டத்தை முழுதாக முடித்துவிட்டும் பணத்தை வாங்கிக்கொள்ள அது வழி விடுகிறது. 2021இல் எமிக்கா கேம்ஸ் என்ற பெயரில் ‘சம்மர் ஆஃப் 58’ என்ற குறுந்திகில் ஆட்டத்தைச் செய்தவர், நல்ல விமர்சனங்கள் வந்தும் பலர் முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்குகிறார்கள், அதனால் காலவரையின்றி இந்தத் தொழிலை விட்டு விலகுகிறேன் என்று அறிவித்தார். பாராட்டி எழுதிவிட்டுக் காசைத் திருப்பிக் கேட்பது என்ன நாகரிகம் என்று எனக்குப் புரியவில்லை. இந்த விதிக்குப் பயந்து ஆட்டத்தை 2 மணி நேரத்துக்கு இழுத்தால் என்ன ஆகும்? ‘அயர்ன் லங்’கில் நடுப்பகுதியைக் கொஞ்சம் நீட்டினாலும் அந்தக் கணக்குப் போடும் வேலை அலுத்துப் போகும், பயம் வேலைச் சலிப்பாக மாறிவிடும். இப்போதே அந்த விளிம்பில்தான் நிற்கிறது.

ஸ்டீம் விமர்சனங்களைப் படிப்பவர்களுக்கு ஒரு யோசனை. எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பது பக்கத்திலேயே இருக்கும். பெரிய ஆட்டங்களில் 1 மணி நேரம் ஆடிவிட்டுத் தீர்ப்பு சொல்பவரை நம்ப மாட்டோம். இங்கே அதே 1 மணி நேரம் என்றால் அவர் கடைசிவரை போயிருப்பார். 0.3 என்று இருந்தால் அவர் முதல் சில படங்களோடு கிளம்பிவிட்டவர். ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று யார் எழுதினார்கள் என்பதை அந்த எண்ணோடு சேர்த்துப் படியுங்கள்.

ஆடியவர்களைப் போலவே, ஆடாமல் யூடியூபில் பார்த்தவர்களும் கருத்துச் சொல்கிறார்கள். ஆட்டத்தை ஆடிக் காட்டிய பிரபல யூடியூபர் மார்க்கிப்ளையர், பின்னர் இதையே திரைப்படமாக இயக்கும் அளவுக்குப் போனார். ஆடிக் காட்டும் வீடியோக்களால்தான் இத்தகைய ஆட்டங்கள் பலரைச் சென்றடைகின்றன, மறுக்கவில்லை. ஆனால் பார்ப்பவர் கணக்குப் போடுவதில்லை. பாறையில் மோதினால் அவர் தவறும் இல்லை. அவருக்கு மிஞ்சுவது கடைசியில் வரும் திடுக்கிடல் மட்டும். அதனால்தான் அவர்களில் பலர் முடிவை வைத்தே ஆட்டத்தை எடை போடுகிறார்கள். என்னைக் கேட்டால், முடிவு இந்த ஆட்டத்தின் பலவீனமான பகுதி. அதுவரை காட்டாமல் பயமுறுத்தியது, கடைசியில் மற்ற ஆட்டங்கள் செய்வதையே செய்கிறது.

2023 ஜூனில் டைட்டானிக் சிதைவைப் பார்க்கப் போன ‘டைட்டன்’ நீர்மூழ்கியில் 5 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி ஓடிய நாட்களில் ‘அயர்ன் லங்’ விற்பனை ஏறியது. சிமான்ஸ்கி அதைக் கொண்டாடவில்லை. இது தவறாகப் படுகிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். அவர் விற்றது கற்பனையான இரும்புப் பெட்டி. செய்தியில் இருந்தது நிஜப் பெட்டி. இரண்டையும் கலந்து கேலி எழுதியவர்களும் இருந்தார்கள், அதைப் பற்றி நான் மேலே பேச விரும்பவில்லை.

யாருக்கு இந்த ஆட்டத்தைச் சொல்ல மாட்டேன்? மூடிய இடத்தில் மூச்சு முட்டுபவர்களுக்கு. எண்களைக் கண்டாலே எரிச்சல் வருபவர்களுக்கு. மற்றவர்கள் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, இடையில் எழுந்து போகாமல், ஒரே மூச்சில் ஆடுங்கள். வீடியோவைப் பிறகு பாருங்கள்.

இனி கேள்விகளைக் கேட்கலாம். முடிவு என்ன என்பதை மட்டும் கேட்காதீர்கள். முன்வரிசையில் இருக்கும் இருவர் இன்றிரவுதான் வாங்கப்போகிறார்களாம்.