நூலகக் கணினியில் மு.வ. ஏன் சிக்குவதில்லை?

நேயர்களுக்கு வணக்கம். ஒரு மாவட்ட மைய நூலகமும் அதன் கிளைகளும் கணினிக்கு மாறும்போது கண்ணில் படுவது புதுத் திரையும் மேசையும்தான். வேலை கெடுவது அங்கே இல்லை, நூற்பட்டியலைத் தட்டச்சு செய்கிற இடத்தில்.

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். கோஹா என்ற திறமூல (யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய) நூலக மென்பொருள் இருக்கிறது. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா வட்டார நூலகத்துக்காக எழுதப்பட்டது அது. அங்கிருந்த பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாங்காது என்று தெரிந்ததும் புதிதாக எழுதி, அந்த ஜனவரியிலேயே ஓட்டிவிட்டார்கள். கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு. உழைப்பை மட்டும் யாரும் அன்பளிப்பாகத் தருவதில்லை. 20,000 நூல் உள்ள கிளையில் ஒருவர் நாளுக்கு 50 பதிவு போட்டால் 400 வேலை நாள் ஆகும். பழைய தமிழ் நூல்களில் ஐ.எஸ்.பி.என். என்ற பன்னாட்டு நூல் எண் கிடையாது, எண்ணைத் தட்டி வேறு நூலகத்தின் பதிவை இறக்கிக்கொள்ள வழியில்லை. ஆகவே கிழிந்ததையும் காணாமற்போனதையும், நூல் வந்த வரிசையில் எண்ணிட்டு எழுதும் சேர்க்கைப் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்து முதலில் கழித்துவிடுங்கள்.

கிளைதோறும் சேர்க்கை எண் 1இல் தொடங்கியிருக்கும். அதையே பார்கோடாக அடித்தால், கிளைகளை இணைக்கும் நாளில் எண்கள் மோதும். ஒரே பார்கோடை இரண்டு பிரதிக்குக் கோஹா ஏற்காது. எண்ணுக்கு முன்னால் கிளைக் குறியீடு சேர்த்துவிட்டால் தீர்ந்தது. வெறும் வெப்பத்தில் அச்சாகும் லேபிள் நம் வெயிலுக்கு மங்கிவிடும். ரிப்பன் போட்டு அச்சிட்டதை ஒட்டி, மேலே கண்ணாடி டேப் போடுங்கள்.

இனித் தமிழுக்கு வருவோம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியல் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். மாற்றிய பிறகும் 'கொ' தொல்லை தரும். ஒருவர் 'ொ' என்ற ஒற்றைக் குறியாக அடித்திருப்பார். இன்னொருவர் ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே அடித்திருப்பார். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு. இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. என்ற யூனிகோடு சீராக்கம் இதை ஒரே ஓட்டத்தில் சரிசெய்துவிடும். 'கௌதமன்' என்பதை 'ள' எழுத்துப் போட்டுக் 'கெளதமன்' என்று அடித்திருந்தால் அந்தச் சீராக்கமும் கைவிட்டுவிடும். கண்ணால் தேடித்தான் திருத்த வேண்டும். கோஹாவின் தேடுபொறியான ஸீப்ராவை நிறுவும்போதே, ஆங்கிலம் அல்லாத எழுத்துகளையும் கையாளும் ஐ.சி.யு. முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, தமிழில் தேடினால் வரவில்லையே என்று மென்பொருளைத் திட்டுவது வழக்கம்.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் ஆசிரியர் பெயர். மு.வ., மு. வரதராசன், டாக்டர் மு. வரதராசனார் என்று அட்டைக்கு அட்டை மாறும். அட்டையில் உள்ளபடியே அடித்துக்கொண்டு போனால் ஒரே மனிதர் மூன்று பேராகிவிடுவார். பெயருக்கு ஒரு நிலைப்பதிவு (ஏற்றுக்கொண்ட ஒரே வடிவத்தைக் குறிக்கும் பதிவு) உருவாக்கி, மற்ற வடிவங்களை அதன்கீழ் இணையுங்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் தமிழ்ப் புனைகதை 894.8113 என்ற எண்ணின்கீழ் குவிகிறது. அதனால் நூலின் முதுகில் ஒட்டும் சீட்டில், ஆசிரியர் பெயரின் எழுத்துகளால் ஆன ஆசிரியர் குறி கட்டாயம். அதைத் தலைப்பெழுத்திலிருந்து எடுத்தால் 'மு' வரிசையில் பாதி நூலகம் நிற்கும். பெயரிலிருந்து எடுங்கள்.

பழைய இரவல் பேரேட்டை உடனே மூடிவிடாதீர்கள். அடுக்கிலிருந்து கைக்கு வந்த 20 நூலைத் திரையில் தேடுங்கள். திரையில் கண்ட 20 நூலை அடுக்கில் தேடுங்கள். இரண்டு பக்கமும் நாற்பதும் கிடைக்கும்வரை பேரேடு மேசையிலேயே இருக்கட்டும்.