ஒரே பெயர், வேறு வேறு போக்கு

நேயர்களுக்கு வணக்கமுங்க.

குழந்தைகளுக்கு வருகிற ரத்தப் புற்றுநோய்களில் மிக அரிதான ஒன்று ஜேஎம்எம்எல் (ஜுவெனைல் மைலோமோனோசைட்டிக் லுக்கீமியா). ஆண்டுக்குப் பத்து லட்சம் குழந்தைகளில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் வரும். பெரும்பாலும் 4 வயது நிறையாத பிள்ளைகள். அதிலும் பையன்கள் அதிகம். விடாத காய்ச்சல், வெளிறிய முகம், மண்ணீரல் வீங்கி உப்பிய வயிறு. தாராபுரத்திலோ அந்தியூரிலோ ஒரு தாய் இதைப் பூச்சி வயிறு என்றுதான் முதலில் நினைப்பார்.

நோயின் பெயரைச் சொன்னதும் வீட்டுப் பெரியவர்கள் கேட்பது, "சொந்தத்துல கட்டுனதாலயாங்க?" அத்தை மகன், மாமன் மகள் கட்டுகிற ஊரில் அந்தப் பழி மருமகள் தலையில்தான் விழும். இல்லைங்க, இந்த நோய்க்கு அது காரணமில்லை. பிடிபிஎன்11, என்ராஸ், கேராஸ், என்எஃப்1, சிபிஎல் என்ற ஐந்து மரபணுக்களில் பெரும்பாலும் ஒன்று பழுதாகி, ரத்த அணுக்கள் அடங்காமல் பெருகுகின்றன. பலருக்கு இந்தப் பழுது ரத்த அணுவில் புதிதாக நேர்வது, சிலருக்குப் பிறவியிலேயே உண்டு.

மருத்துவர்களுக்குக் குழப்பம் வேறு இடத்தில். இந்த நோய் ஒரு குழந்தைக்குத் தானாகவே தணிந்துவிடும். இன்னொரு குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை மாற்றிய பிறகும் திரும்பி வரும். மஜ்ஜை மாற்றினாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் முழுக்கக் குணம். அவ்வளவு கடுமையான சிகிச்சையை யாருக்குக் கொடுப்பது, யாரைக் கண்காணித்துக் காத்திருப்பது?

இதற்குத்தான் மெத்திலேற்றத்தைப் பார்க்கிறார்கள். சென்னிமலைப் பக்கம் ஜக்கார்டு தறி பார்த்திருப்பீர்கள். அட்டையில் துளை இருந்தால் நூல் எழும்பும். துளையை அடைத்துவிட்டால், அட்டை அதேதான், ஆனால் அந்தப் பூ விழாது. டிஎன்ஏவிலும் எழுத்து மாறாமலே, மெத்தில் என்ற சின்ன வேதித் துணுக்கு ஒட்டிக்கொண்டு சில மரபணுக்களை வேலை செய்யவிடாமல் அடைக்கும்.

இப்படி ஒட்டியிருக்கும் இடங்களை, ஒரே சிப்பில் 4,50,000-க்கும் மேல், அளந்துவிடலாம். ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் குழுக்கள் தனித்தனியாக அளந்து பார்த்தன. மெத்தில் குறைவான பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், மிகுந்தவர்களுக்கு நோய் மூர்க்கம் என்று மூன்றிலும் ஒரே முடிவு. ஒருவரை ஒருவர் பார்க்காமல் செய்து ஒத்துப்போனதால்தான் நான் இதை நம்பினேன். 2021-ல் மூன்று தரப்பும் சேர்ந்து குறைவு, நடுத்தரம், மிகுதி என்று பொது வகைப்பாட்டை வெளியிட்டார்கள். சிபிஎல் பழுதுள்ளவர்கள் பெரும்பாலும் குறைவு வகை. பிடிபிஎன்11 பழுது ரத்த அணுவில் நேர்ந்தவர்கள் பெரும்பாலும் மிகுதி.

மெத்திலைக் குறைக்கும் அசாசிடிடின் மருந்தை இந்த நோய்க்கு அமெரிக்கா 2022-ல் அனுமதித்தது. மஜ்ஜை மாற்றும்வரை நோயை அடக்கிவைக்க உதவுகிறது. அதுவே குணமாக்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மெத்தில் சோதனை பக்கத்து ஆய்வகத்தில் கேட்டவுடன் கிடைக்காது. கிடைக்கும்வரை மரபணுச் சோதனை, குழந்தையின் வயது, தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை, கருக்கால ஹீமோகுளோபின் (வயிற்றில் இருக்கும் சிசுவுக்குரிய ஹீமோகுளோபின்) அளவு ஆகியவற்றை வைத்தே மருத்துவர்கள் எடைபோடுவார்கள். கடைசியாகச் சொன்னதை மட்டும் ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு எடுத்தால் கொடுத்தவர் ரத்தமும் கலந்திருக்கும், உண்மை அளவு தெரியாது. இதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்க.

வணக்கம்.