அறைந்தவனிடம் ஒரு கேள்வி

வணக்கம். விசுவாசத்துக்கு வரும் எதிர்ப்பு என்று தலைப்பைப் போட்டதும், மறுகன்னத்தைக் காட்டுங்கள் என்று சொல்லி ஜெபத்தோடு முடித்துவிடுவேன் என்று சிலர் நினைத்திருப்பீர்கள். சரி, அந்த வசனத்தைச் சொன்னவரையே ஒருவன் அறைந்திருக்கிறான். யோவான் 18ஆம் அதிகாரம், விசாரணை நடக்கிறது, பக்கத்தில் நின்ற சேவகன் ஒருவன் இயேசுவின் கன்னத்தில் அடிக்கிறான். அவர் திருப்பி அடிக்கவில்லை, பேசாமலும் நிற்கவில்லை. நான் தப்பாகப் பேசியிருந்தால் எது தப்பென்று காட்டு, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்கிறார். நாங்கள் எப்போதும் 'ஏன் அடிக்கிறாய்' என்ற பாதியை மட்டும்தான் பிடித்துக்கொள்கிறோம். முதல் பாதியைக் கேட்கப் பயம், எதிரில் நிற்பவர் உண்மையிலேயே எதையாவது எடுத்துக் காட்டிவிடுவார் என்று.

காட்டத்தான் செய்வார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள் வீடொன்றை வாடகைக்கு எடுத்து, ஸ்பீக்கரை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து முழு இரவு ஜெபம் நடத்துகிறோம், பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறது, அதன் அப்பா வந்து சத்தம் போட்டால் அடுத்த ஞாயிறு சாட்சியில் அது 'உபத்திரவம்' ஆகிவிடுகிறது. அது உபத்திரவம் இல்லை, ஸ்பீக்கர் பிரச்சினை. பேதுரு தன் முதல் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில், கொலைகாரனாகவோ திருடனாகவோ பாடுபட வேண்டாம் என்று எழுதும்போது, அடுத்தவன் காரியத்தில் தலையிடுகிறவனையும் அதே வரிசையில் நிறுத்தியிருக்கிறார். அந்த வரியை எங்கள் மேடைகளில் அதிகம் கேட்க முடிவதில்லை.

19ஆம் நூற்றாண்டுச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலரை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவத்தைக் கடுமையாக எழுதித் தாக்கினார் என்பது எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்து, அங்கேயே படிப்பித்து, பீற்றர் பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது கூட இருந்து உதவியவரும் அவர்தான். எங்களை அறியாமல் எதிர்த்தவர் இல்லை, உள்ளே இருந்து பார்த்தவர். அந்தக் காலத்து மிஷன் எழுத்துகள் சைவ வழிபாட்டைக் கேலி செய்த விதத்துக்கு அவர் கொடுத்த பதிலில் நியாயம் எவ்வளவு என்று நாங்கள் இன்னும் நேர்மையாகக் கேட்டுப் பார்க்கவில்லை. 2023இல் கூட ஒரு போதகர் மேடையில் மற்ற மதங்களைப் பற்றிப் பேசியது நாடு முழுக்கக் கொந்தளிப்பானது. அதற்கு வந்த எதிர்ப்பைக் கிறிஸ்துவின் கணக்கில் எழுத நான் தயாரில்லை.

ஆனால் கொழும்பில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் அழுவது வெளியாட்களால் இல்லை, அம்மாவால். சைவ வீட்டில் பிறந்து ஞானஸ்நானம் எடுத்த பிள்ளையிடம் எந்த அம்மாவும் திரித்துவத்தைப் பற்றி வாதம் பண்ணுவதில்லை. அப்பாவின் திவசத்துக்கு வந்து சாப்பிடுவாயா, நான் செத்தால் எனக்குக் கொள்ளி வைப்பாயா என்றுதான் கேட்கிறார். இதற்கு வசனம் எடுத்துச் சொல்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், அப்படிச் சொல்லிக்கொடுக்கிற போதகர்மாரைப் பார்த்தால் இன்னும் கூட. தம்பிமார், தங்கச்சிமார், அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுங்கள், வெள்ளிக்கிழமை மழையென்றால் அவரைக் கோவில் வாசல்வரை கொண்டுபோய் விடுங்கள் (சில சபைகளில் இதற்கே விசாரணை வைப்பார்கள், வைக்கட்டும்). கொள்ளி விஷயத்தைச் செத்தவீட்டில் வைத்துச் சண்டை பிடிக்காமல் இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். சடங்கை நான் செய்யமாட்டேன் அம்மா, தம்பி செய்யட்டும், ஆனால் பெட்டியை நான் தூக்குவேன், பொரளைக் கனத்தை மயானத்துக்கு வருவேன், எல்லாம் முடியும்வரை நிற்பேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அழுவார், கொஞ்சநாள் பேசமாட்டார். ஒவ்வொரு திவசத்துக்கும் ஒபிஸில் வேலை என்று பொய் சொல்லித் தப்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

இனி இயேசு கேட்ட அந்தக் கேள்வியின் மற்றப் பாதி, 'ஏன் அடிக்கிறாய்'. ஜெபக்கூட்டத்துக்குள் ஆள் சேர்த்துக்கொண்டு வந்து கதிரை உடைக்கிறார்கள், ஊழியரை அடிக்கிறார்கள் என்றால் அங்கே எங்கள் தப்பைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பொலிஸுக்குப் போவது விசுவாசக் குறைவு என்று சொல்பவர்கள் அப்போஸ்தலர் 16ஐ வாசிக்க வேண்டும். பிலிப்பியில் பவுலைச் சட்டவிரோதமாக அடித்து உள்ளே போட்டவர்கள் மறுநாள் காலை சத்தமில்லாமல் அனுப்பிவிடப் பார்த்தபோது, நாங்கள் ரோமக் குடிமக்கள், அடைத்தவர்களே வந்து வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும் என்று அவர் நின்றுகொண்டார்.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி தேவாலயத்திலும் மட்டக்களப்பு சியோன் தேவாலயத்திலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பழிவாங்க வேண்டாம் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் கேட்டுக்கொண்டார். இருந்தும், குண்டு வைத்த தீவிரவாதிகள் முஸ்லிம்கள் என்பதற்காக, மே மாதம் மினுவாங்கொடைப் பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, அது வெட்கக்கேடு. பாதிக்கப்பட்ட குடும்பங்களும் மற்றவர்களும் கத்தியைத் தூக்கவில்லை, மறந்துவிட்டோம் என்றும் சொல்லவில்லை, உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2023 ஜனவரியில் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஏன் அடித்தாய் என்பதோடு ஏன் தடுக்கவில்லை என்றும் ஒரு நாட்டின் தலைவரைக் கேட்க முடிந்தது.

அந்தக் கதவு உங்களுக்கும் திறந்திருக்கிறது. இலங்கை அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது, ஆனால் விரும்பிய மதத்தை ஏற்றுக்கொள்ளும் சுதந்திரத்தை 10ஆம் உறுப்புரை எல்லோருக்கும் தருகிறது. அதை அரச அதிகாரி ஒருவர் மீறினால் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போடலாம். அதற்கு ஒரு மாதம்தான் தவணை. ஆகவே உபவாச ஜெபத்துக்கு நாள் குறிக்கிற அதே கூட்டத்திலேயே சட்டத்தரணி ஒருவரைப் பார்க்கவும் நாள் குறியுங்கள், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியை வாங்கிப் பத்திரமாக வையுங்கள், வீடியோ இருந்தால் பேஸ்புக்கில் போடுமுன் அதையும் அவரிடம் காட்டுங்கள். மூன்றாம் வரிசையில் ஒரு தம்பி கனநேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், முதலில் அவர் கேட்கட்டும்.