கார்னேஷன் வாடலும் பச்சைப் பூசணமும்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் பாலிஹவுஸில், அதாவது பிளாஸ்டிக் கூடாரத்தில், கார்னேஷன் பூச்செடி போட்டிருப்பவர்களுக்கு வாடல் நோயை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒரு பக்கத்து இலைகள் வைக்கோல் நிறமாகும், மறுபக்கம் பச்சையாகவே நிற்கும். தண்டைச் சீவினால் உள்ளே பழுப்புக் கோடு. அதைப் பார்த்த பிறகு அந்தச் செடிக்கு மருந்து தேடாதீர்கள்; வேர் மண்ணோடு எடுத்து வெளியேற்றுங்கள். ஃபியூசேரியம் என்கிற அந்தப் பூசணம், செடியே இல்லாத மண்ணிலும் வருஷக்கணக்கில் கிடக்கும்.

அதற்குப் பகை டிரைக்கோடெர்மா. இதுவும் பூசணம்தான். எதிரியின் இழையைச் சுற்றிக்கொண்டு, அதன் சுவரைக் கரைத்துத் தின்றுவிடும்.

எங்கள் ஊரில் மொட்டுக் காளான் வளர்க்கிற ஒருவர் என் வீட்டுக்கு வந்திருந்தார். டிரைக்கோடெர்மா கலந்த தொழு உரம் நிழலில் குவிந்திருந்தது. சாக்கைத் தூக்கிக் காட்டினேன். மேலெல்லாம் பச்சைப் பொடி தூவினாற்போலப் படர்ந்திருந்தது. மனுஷர் பின்வாங்கிவிட்டார். "இது என் ஷெட்டுக்குள்ள வந்தா காளான் மொத்தமும் போச்சு. நீங்க இதைக் காசு கொடுத்தா வாங்குறீங்க?" என்றார். டீகூடக் குடிக்கவில்லை. நேரே வீட்டுக்குப் போய், குளித்துவிட்டுத்தான் ஷெட்டைத் திறந்தாராம்! அவர் பயந்ததில் தப்பில்லை. காளான் படுக்கையைக் கெடுக்கிற பச்சைப் பூசணமும் டிரைக்கோடெர்மா வகைதான். காளானும் பூசண இனமாயிற்றே, இதற்கு அதுவும் தீனி. இரண்டு தொழிலும் செய்கிறவர்கள் எருக்குவியலைக் காளான் ஷெட்டுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 100 கிலோ மக்கிய தொழு உரத்துக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மாப் பொடி. ஈரம் காயாமல் மூடி, நடுவில் புரட்டிவிட்டு, 15 நாள் வைக்க வேண்டும். 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் செழிக்கிற பூசணம் இது. நம் மார்கழிக் குளிரில் இன்னும் சில நாள் கேட்கும். பிறகு பாத்தியில் கலக்குங்கள், நடுவதற்கு முன்னால். முன்னால் என்பதை மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் செடி வாடிய பிறகுதான் பாக்கெட்டைத் தேடுகிறோம். அதோடு, இதைப் போட்ட பாத்தியில் கார்பன்டசிம் என்கிற பூசண மருந்தை ஊற்றினால் ஃபியூசேரியத்துக்கு முன்னால் இதுதான் சாகும். காசும் போச்சு, எருவும் போச்சு.

நேரமாச்சென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வேரைத் தாக்கும் நூற்புழுவுக்குப் பாதி நேரம் ஒதுக்கியிருந்தேன்! வேரில் முடிச்சு தெரிந்தால், அந்தப் புண் வழியாகவும் வாடல் நுழையும். அங்கே நூற்புழுவுக்குப் பகையான பேசிலோமைசிஸ் என்கிற பூசணத்தையும் இதே எருவில் சேர்க்கலாம். ஜெர்பரா, லில்லியம் பூக்களைப் பற்றி இன்னொரு நாள். வணக்கம்.