கேட்டதைப் பகிர்ந்தால்தான் காது பழகும்

(பட்டிமன்றத் தலைப்பு: கர்நாடக இசையில் ரசனையைப் பெரிதும் வளர்ப்பது மார்கழிக் கச்சேரியா, அன்றாடம் கேட்பதும் பகிர்வதுமா? இரண்டாம் அணியின் முதல் உரை.)

நடுவர் ஐயா அவர்களுக்கும் சபையோருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று விஷயம் சொல்லிவிட்டுப் போனார். நேரில் உட்கார்ந்து கேட்பதற்கு ஈடு கிடையாது என்றார். பதிவு செய்த பாட்டில் உயிர் இல்லை என்றார். பகிர்வு என்ற பேரில் நாங்கள் செய்வதெல்லாம் ஆளுக்காள் குப்பை அனுப்புவது என்றார். முதலாவதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், ஐயா. மூன்றாவதில் முக்காலை ஒப்புக்கொள்கிறேன். மிச்சத்துக்குத்தான் சண்டை.

நேரில் கேட்பது இன்பம். யார் இல்லை என்றார்கள்? ஆனால் தலைப்பு இன்பத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ரசனை எப்படி வளர்கிறது என்று கேட்கிறது. இரண்டரை மணி நேரக் கச்சேரியில் விஸ்தாரமாகப் பாடுவது ஒன்று, மிஞ்சினால் இரண்டு ராகம். அதுவும் பெரும்பாலும் தோடி, கல்யாணி, காம்போஜி, பைரவி, சங்கராபரணம். சீசன் முழுக்க சபா சபாவாக ஏறி இறங்கினாலும் நாயகி ராகம் உங்கள் காதில் எத்தனை தடவை விழும்? விழுந்தாலும் ஏழு நிமிஷக் கீர்த்தனையாக வந்து போய்விடும். பக்கத்து நாற்காலிக்காரர் "தர்பார்தானே?" என்பார். நீங்களும் தலையாட்டுவீர்கள்.

தர்பாருக்கும் நாயகிக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் 22ஆவது மேளமான, அதாவது தாய் ராகமான, கரகரப்பிரியாவின் பிள்ளைகள். ஸ்வரங்கள் ஒன்றே. புத்தகத்தைப் பிரித்தால் தர்பாருக்கு இறக்கத்தில் "ம ரி க க ரி ஸ" என்று காந்தாரம், அதாவது க, இரண்டு முறை, நாயகிக்கு "ம ரி க ரி ஸ" என்று ஒரு முறை. இதைப் படித்து யாருக்காவது ராகம் பிடிபட்டிருக்கிறதா? கேட்டால்தான் தெரியும்: தர்பாரில் நிஷாதம் (நி) நிமிர்ந்து நிற்கும், அதன் மேல் தங்கலாம். நாயகியில் அதே நிஷாதம் தைவதத்தோடு (த) ஒட்டிக்கொண்டே வரும், தனியாக நிற்காது. நாயகியின் காந்தாரம் சாவகாசமாக அசையும். ராகமே விளம்பத்துக்கு, அதாவது நிதான நடைக்கு, பிறந்தது போல் நடக்கும்.

இதைக் காதில் ஏற்ற ஒரு வழி உண்டு. தியாகராஜரின் இரண்டு கீர்த்தனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தர்பாருக்கு "யோசனா கமலலோசன", நாயகிக்கு "நீ பஜன கான". ஒவ்வொன்றிலும் பல்லவி மட்டும், முதல் ஒன்றரை நிமிஷம். மாற்றி மாற்றிக் கேளுங்கள், தினமும் பத்து நிமிஷம். இரண்டையும் ஒரே பாடகர் பாடியிருந்தால் உத்தமம். குரலும் சுருதியும் மாறாதபோது ராகம் மட்டும்தான் மாறும். காதுக்கு வேறு சாக்கு இருக்காது. பாட்டு அடையாளம் தெரிந்ததும் அதே ராகத்தில் வேறு உருப்படிக்கு மாறுங்கள், நாயகிக்கு தீட்சிதரின் "ரங்கநாயகம்" இருக்கிறது. இல்லையென்றால் சாஹித்தியத்தை, அதாவது பாட்டின் வரிகளை, பிடித்துக்கொண்டு ராகம் தெரிந்துவிட்டது என்று நம்பிவிடுவோம். பலர் ஏமாறுவது இங்கேதான். சொல்லுங்கள் ஐயா, மேடையில் இருக்கும் வித்வானிடம் எழுந்து நின்று, "பல்லவியை இன்னொரு தடவை, அதற்குப் பிறகு தர்பாரில் ஒன்று" என்று கேட்க முடியுமா? செக்யூரிட்டி வந்துவிடுவார்.

எதிரணி வீணை தனம்மாளை மேற்கோள் காட்டியது. ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்த வாசிப்புக்குப் பெரிய பெரிய வித்வான்கள் வந்து உட்கார்ந்து கேட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னார்கள். நன்றி! அது எங்கள் அணிக்கான சாட்சி. வாராவாரம், அதே வீட்டில், அதே வாசிப்பைப் பழகிய காதுகளோடு உட்கார்ந்து கேட்டது சீசன் கச்சேரியா, பழக்கமாகிப்போன கேட்பா?

இனி, பதிவில் உயிர் இல்லை என்ற வாதம். நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மறைந்தது 1956இல். அவர் தோடியை நேரில் கேட்க எந்த சபாவில் டிக்கெட் வாங்குவது என்று எதிரணி சொல்லட்டும், நாங்களும் வரிசையில் நிற்கிறோம். இசைத்தட்டில்தான் அது இருக்கிறது. 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம். அதற்குள் அடங்க வேண்டும் என்பதற்காகக் காலப்பிரமாணத்தைக் கூட்டினார்கள், சங்கதிகளை, அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதங்களை, குறைத்தார்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் இவ்வளவு வேகமாகத்தான் பாடினார்கள் என்று தட்டை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஆனால் நீட்டி முழக்க இடமில்லாததால் ராகத்தின் சாரம் முதல் பிடியிலேயே வந்துவிடும். புதிதாகக் கேட்கிறவருக்கு இதைவிட நல்ல பாடம் வேறு இல்லை.

பதிவில் கோளாறு உண்டு, மறைக்கவில்லை. பழைய தட்டையோ நாடாவையோ கணினிக்கு மாற்றும்போது வேகம் 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை, அதாவது ஹார்மோனியத்தில் அடுத்த சாவிக்கு, ஏறிவிடும். ஒன்றரைக் கட்டைப் பாடகர் இரண்டு கட்டையில் பாடுவார், பத்து நிமிஷப் பாட்டு ஒன்பது நிமிஷம் இருபத்தாறு விநாடியில் முடிந்துவிடும். குரல் கொஞ்சம் மெலிந்து, பிருகா (வேகமாக உருளும் ஸ்வரக் கொத்து) கொஞ்சம் பரபரப்பாகக் கேட்டால் சந்தேகப்படுங்கள். அதே பாடகரின், அதே காலத்துப் பதிவுகள் இரண்டு மூன்றில் தம்புரா சுருதியை ஒத்துப் பாருங்கள். இளமையில் ஏற்றிப் பாடி வயதில் இறக்கியவர்கள் நிறைய பேர், அதனால்தான் அதே காலம் என்றேன். இன்னொன்று, இரைச்சல் நீக்குகிறேன் என்று சிலர் மென்பொருளில் போட்டு உருட்டியிருப்பார்கள். மென்பொருளுக்கு விடாமல் ஒலிக்கும் தம்புராவும் இரைச்சலும் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிடும். கரகரப்போடு இருக்கும் பிரதியே மேல். செல்போன் ஸ்பீக்கரில் மிருதங்கம் கேட்டுவிட்டு "தொப்பியே பேசவில்லை" என்று வித்வானைக் குறை சொல்லவும் கூடாது. தொப்பி மிருதங்கத்தின் கனத்த ஒலிப் பக்கம்; அதன் கும்கி என்ற ஆழ்ந்த வளைவொலி அந்தச் சின்ன ஸ்பீக்கரில் வராது, ஹெட்போன் மாட்டுங்கள்.

சரி, குப்பைக்கு வருகிறேன். மூன்று மணி நேரக் கச்சேரியின் லிங்க், கூடவே கும்பிடும் கைகள் மூன்று, "தெய்வீகம்" என்று ஒரு வார்த்தை. காலை ஆறு மணிக்கு. இது பகிர்வு இல்லை ஐயா, வருகைப் பதிவு. பகிர்வது என்றால் நிமிஷக் கணக்கு சொல்ல வேண்டும். எடுத்துக்காட்டுக்கு, காம்போஜியில் தியாகராஜரின் "ஓ ரங்கசாயி". அதில் "பூலோக வைகுண்டம்" என்ற இடத்தில் நிரவல் செய்வது, அதாவது அந்த ஒரே வரியை முதலில் நிதானமாகவும் பிறகு வேகமாகவும் விதவிதமாக விரித்துப் பாடுவது, வழக்கம். மூன்று பாடகர்களின் பதிவை எடுத்து, ஒவ்வொன்றிலும் நிரவல் தொடங்கும் நிமிஷத்தைக் குறித்து, "கீழ்க்காலத்திலிருந்து மேல்காலத்துக்கு யார் எப்போது தாவுகிறார் என்று மட்டும் பாருங்கள்" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். ராகம், தாளம், பாடகர், பக்கவாத்தியம், தெரிந்தால் வருஷம். கேட்க ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகக் கூடாது. கவனிக்கச் சொல்வது ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. புகழ்ச்சி வேண்டவே வேண்டாம், "அபாரம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் கேட்பவர் அபாரத்தைத் தேடுவார், நிரவலைக் கேட்க மாட்டார். பதிவின் தலைப்பில் போட்டிருக்கும் ராகப் பெயரை அப்படியே நம்பி அனுப்பவும் வேண்டாம். அதே கீர்த்தனையின் வேறு இரண்டு பதிவோடு ஒத்துப் பார்த்த பிறகு அனுப்புங்கள்.

மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தைப் பற்றி எதிரணி வாயே திறக்கவில்லை, காரணம் எனக்குத் தெரியும். தனி தொடங்கும்போதுதானே அவர்கள் கேன்டீனில் ரவா தோசைக்கு வரிசையில் நிற்கிறார்கள்! வீட்டில் கேட்பவருக்கு தோசையும் கிடைக்கும், தனியும் கிடைக்கும். கடைசிக் கோர்வையை, அதாவது முடிவுக்கான தாளக் கட்டுமானத்தை, மூன்று முறை வாசிப்பார்கள். ஆதி தாளமானால் எட்டு அட்சரத்தைக் கையில் போட்டுக்கொண்டே கேளுங்கள். முதல் முறை எங்கே ஆரம்பித்தது என்றே தெரியாது. இரண்டாவதில் உருவம் தெரியும். மூன்றாவதில் அது பாட்டின் எடுப்பில், அதாவது பாட்டு தொடங்கும் இடத்தில், வந்து விழும்போது உங்கள் கை தாளம் தவறாமல் இருந்தால், எடுப்பு சமத்திலிருந்து, அதாவது தாளத்தின் முதல் அடியிலிருந்து, எத்தனை தள்ளி என்று எண்ணிவிடலாம். தவறிவிட்டால் ஒரு நிமிஷம் பின்னால் தள்ளுங்கள். அரங்கில் தவறினால் தவறியதுதான், எல்லோரும் கைதட்டும்போது நீங்களும் தட்ட வேண்டியதுதான்.

நடுவர் மணியைத் தொடுகிறார், தெரிகிறது. எதிரணியில் அடுத்துப் பேச வரும் சகோதரிக்கு ஒரே ஒரு கேள்வி. தியாகராஜரின் "நகுமோமு" ஆபேரி ராகம். இன்று மேடையில் எல்லோரும் அதைச் சதுஸ்ருதி தைவதத்தோடு பாடுகிறார்கள். தீட்சிதரின் "வீணாபேரி"யும் ஆபேரிதான், அதில் வருவது அதைவிடத் தாழ்ந்த சுத்த தைவதம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் இன்று பாடும் "நகுமோமு"வை ஏன் கர்நாடக தேவகாந்தாரி என்ற வேறு ராகம் என்று சிலர் சொல்கிறார்கள் என்பது காதுக்கே தெரியும். இரண்டு ஆபேரியையும் ஒரே கச்சேரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடிக் காட்டிய சபா எது? பெயரைச் சொல்லுங்கள் அம்மா, நானே டிக்கெட் எடுத்துத் தருகிறேன்.