ஒரே லீக்ல ரெண்டு சாம்பியன்! 3 வருஷத்துல மூடுன பெனே லீக் கதை

2014-15 சீசன். டேபிள்ல முதல் இடம் பெல்ஜியத்தோட ஸ்டாண்டர்ட் லியேஜ், கப்பும் அவங்களுக்குத்தான். ஆனா அதே டேபிள்ல அவங்களுக்குக் கீழ நின்ன நெதர்லாந்தோட ட்வென்டே டீமும் சாம்பியன்! உள்குத்து எல்லாம் ஒண்ணுமில்லங்க, ரூலே அதுதான்.

வணக்கம் மக்களே. இது பெனே லீக், பெல்ஜியமும் நெதர்லாந்தும் சேர்ந்து நடத்துன பெண்கள் ஃபுட்பால் லீக்.

பேக்ரவுண்ட் கொஞ்சம் போரு, 1.5 ஸ்பீடுல சொல்லிடறேன். பெல்ஜியம், நெதர்லாந்து ரெண்டுலயும் நல்ல பெண்கள் டீம் ரொம்பக் கம்மி, பார்த்த மூஞ்சியையே திரும்பத் திரும்பப் பார்த்து ஆடணும். அதனால 2012-ல இங்க 8, அங்க 8, மொத்தம் 16 டீமை ஒண்ணா சேர்த்துட்டாங்க. முதல் வருஷம் பாதி சீசன் அவங்கவங்க நாட்டுக்குள்ள, அப்புறம் ரெண்டுலயும் டாப் 4 சேர்ந்து ஒரு டிவிஷன், மிச்சம் எல்லாம் இன்னொண்ணு.

[திரையில்: ரெண்டு கப்]

இப்ப அந்த சாம்பியன் மேட்டர். லீக் ஒண்ணுதான், ஆனா ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்குக்கு ஒவ்வொரு நாடும் தன்னோட சாம்பியனைத் தனியா அனுப்பணும்ல? அதனால டேபிள்ல பெல்ஜியம் டீம்ல யாரு மேல இருக்காங்களோ அவங்க பெல்ஜியம் சாம்பியன், டச்சு, அதாவது நெதர்லாந்து டீம்ல யாரு மேலயோ அவங்க டச்சு சாம்பியன். கூட்டுக் குடும்பம், ஆனா ரேஷன் கார்டு தனித்தனி! முதல் ரெண்டு வருஷம் லீக்கையே ஜெயிச்சது ட்வென்டே, அப்ப பெல்ஜியம் பட்டத்தை வாங்கிட்டுப் போனது ஸ்டாண்டர்ட். மூணாவது வருஷம் அப்படியே உல்டா. எனக்கு இந்த ரூல் ரொம்பப் பிடிச்சிருக்கு, மனசு யாருக்கும் நோகாது பாருங்க.

2015-ல லீக்கை மூடிட்டாங்க. காசுப் பிரச்சனை, கிளப்புங்க ஒவ்வொண்ணா கழண்டுக்கிச்சு, அவ்வளவுதான்.

ஆனா யாரெல்லாம் ஆடுனாங்கன்னு பாருங்க. டச்சு கிளப் ஹீரென்வீன்ல விவியன் மீடெமான்னு ஒரு பொண்ணு, 2013-14 சீசன்ல 39 கோல், டாப் ஸ்கோரர். வயசு 17! நானெல்லாம் அந்த வயசுல பிளஸ் டூ ரெக்கார்டு நோட்டுக்கு டயக்ராம் வரைஞ்சிட்டு இருந்தேன். ட்வென்டேல ஷெரிடா ஸ்பிட்ஸே, ஸ்டாண்டர்ட்ல டெஸ்ஸா வுல்லார்ட்.

இப்ப கட் பண்ணா 2017 ஜூலை 24, நெதர்லாந்துல டில்பர்க் ஊரு, பெண்கள் யூரோ கப். பெல்ஜியம் பெண்கள் டீமுக்கு அதான் முதல் பெரிய டோர்னமெண்ட், எந்த குரூப்ல விழுந்தாங்க தெரியுமா? நெதர்லாந்து குரூப்லயேதான்! நெதர்லாந்துக்கு ஸ்பிட்ஸே பெனால்டி, 1-0. பெல்ஜியத்துக்கு வுல்லார்ட் அடிச்சு 1-1. அப்புறம் லீகே மார்டென்ஸ் அடிச்சு 2-1, நெதர்லாந்து வின். இந்த மார்டென்ஸ் பெனே லீக்ல ஆடல, ஆனா அதுக்கு முந்தின சீசன்தான் பார்டர் தாண்டிப் போய் ஸ்டாண்டர்ட்ல ஆடிட்டு வந்தவங்க. அந்தக் கப்பை நெதர்லாந்துதான் தூக்குச்சு, ஃபைனல்ல டென்மார்க்கை 4-2, மீடெமா மட்டும் ரெண்டு கோல். ஃபைனல் நடந்த இடம் என்ஸ்கடே, அதாவது நம்ம ட்வென்டே கிளப்போட சொந்த ஊரு!

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன், 2021-ல இதே ரெண்டு நாடும் ஆண்கள் பாஸ்கெட்பாலை ஒண்ணாக்கி பிஎன்எக்ஸ்டி லீக்னு ஆரம்பிச்சாங்க. அதுலயும் நாட்டுக்கு ஒரு சாம்பியன் தனி, மொத்தத்துக்கு ஒரு சாம்பியன் தனி. ஆக, கீழ நின்ன டீமுக்கும் சாம்பியன் பட்டம் குடுக்கறது நியாயமா இல்லையா, கமெண்ட்ல வந்து சண்டை போடுங்க, நான் பாப்கார்ன் எடுத்துட்டு வந்துடறேன்.