குறையா, குணமா?

நடுவர் அவர்களே, வணக்கம். மற்ற எல்லோருக்கும் தனித்தனியே சொன்னால் மணி அடித்துவிடுவீர்கள், சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

'டிஃபிடென்ட்' என்ற ஆங்கிலச் சொல் சுட்டுவது குறையையா, குணத்தையா? குணத்தைத்தான் என்கிறது எங்கள் அணி. லத்தீனில் 'ஃபீடெரெ' என்றால் நம்புவது. கான்ஃபிடென்ட், டிஃபிடென்ட் இரண்டும் அந்த ஒரு வயிற்றுப் பிள்ளைகள். முன்காலத்தில் டிஃபிடென்ட் என்றால் அடுத்தவனை நம்பாதவன். இன்று, தன் திறமையை நம்பத் தயங்குகிறவன். திறமையே இல்லாதவன் என்று யார் சொன்னது? சரி, அகராதி போதும்.

நாகர்கோவிலில் ஒரு இண்டர்வியூ. "மற்றவர்களைவிட நீங்கள் எப்படி?" என்றார் அதிகாரி. 'டிஃபரென்ட்' என்று சொல்ல வேண்டியவன், "ஐ ஆம் வெரி டிஃபிடென்ட் சார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆர் யூ ஷ்யூர்?" நான் நெஞ்சை நிமிர்த்தி, "வெரி கான்ஃபிடென்ட் சார்!" எனக்கு நம்பிக்கை கிடையாது என்பதை இவ்வளவு நம்பிக்கையாக எவனாவது சொல்லியிருப்பானா? பக்கத்தில் இருந்தவர் குடித்த டீ மேசையில்! அவர் துடைத்துக்கொண்டே, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். நானும் சொன்னேனே!

வீட்டுக்கு வந்து அகராதி பார்த்து அம்மாவிடம் பொருள் சொன்னேன். "அப்போ உள்ளதத்தானே மக்ளே சொல்லியிருக்கே?"

எதிரணி அண்ணன் ஒரு குத்து விட்டார்: "தயங்கி நிற்பவனுக்குக் குளச்சல் சந்தையில் மீன் கிடைக்காது, ஐஸ் தண்ணிதான் கிடைக்கும்." அண்ணாச்சி, நீங்கள் என்றைக்காவது கூடை தூக்கிச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? அண்ணி சிரிப்பதிலேயே தெரிகிறது. என் அம்மா போவார். விலை கேட்கவே கூச்சம். கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பார். மீன்காரம்மாவே, "நீ வா பிள்ளே" என்று கூப்பிட்டு, ஒரு கூறு சாளைக்கு மேலே இரண்டு மீனை அள்ளிப் போடுவார். அண்ணாச்சிக்கு யாராவது போட்டதுண்டா?

அதே அம்மா என் பள்ளிக்கூடத்துக்குக் கையெழுத்துப் போட வரவேண்டியிருந்தது. முந்தின நாள் ராத்திரி, நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து, என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தன் பெயரை எழுதி எழுதிப் பார்த்தார். பக்கம் நிறைந்துவிட்டது. காலையில் அந்தப் பக்கம் நோட்டில் இல்லை. நான் இன்றுவரை கேட்கவில்லை.

இதோ, இன்றும் வந்திருக்கிறார். முன்வரிசைக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. அந்த வேப்பமரத்தடியில் நிற்கிறார் பாருங்கள். நடுவர் அவர்களே, தீர்ப்பு அப்புறம் சொல்லலாம். யாராவது அம்மாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.